குளிக்கப் போயிருக்காவ

நாலு வருடத்துக்கு முன், மாசி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. இடம் தூத்துக்குடி. காலை ஏழே முக்காலுக்கு ஆரம்பித்த சங்கதி மதியம் ஒரு மணிக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய பத்து வருட உத்தியோகத்தில் கற்றுக்கொண்டதைவிட அந்த ஐந்து மணி நேரத்தில் கற்றுக்கொண்டது அதிகம். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம் வரும். பயப்பட வேண்டாம், எனக்கே அது புரியாமல் போன கதைதான் இது.

நான் பிறந்து வளர்ந்தது ஏரல் பக்கம் ஒரு ஆற்றங்கரைக் கிராமம். நெல்லும் வாழையும் தெரியும். கடல் என்றால் திருச்செந்தூருக்குப் போகும்போது கால் நனைப்பதோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்னப் புதுக்கோட்டையில் குடியிருக்கிறோம், ஜில்லாத் தலைநகர் இல்லை. அங்கிருந்து தினமும் ஸ்கூட்டரில் தூத்துக்குடிக்கு வந்து, எட்டே எட்டுப் பேர் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வேலையில் பாதி 'கேஷ்' சம்பந்தப்பட்டது. அதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து, மருமகள் பேங்கில் கேஷியராக இருக்கிறாள் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். திருத்தப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

நாட்டுப்படகுக்காரர்களுக்காக எங்கள் கம்பெனி ஒரு இணையப் பக்கம் நடத்திவந்தது. போனில் திறந்தால் ஒரே ஒரு பெரிய கட்டம். அன்றைக்குக் கடலுக்குப் போகலாம் என்றால் பச்சை, காற்று சரியில்லை, போகக்கூடாது என்றால் சிவப்பு. கரையில் அதைப் 'பலகை' என்றுதான் சொல்வார்கள். பலகையில் என்ன நிறம் என்று கேட்டுவிட்டுத்தான் பலர் வள்ளத்தைத் தள்ளுவார்கள். பச்சை நாளில் மட்டும் கட்டத்துக்குக் கீழே 'புறப்பட்டோம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எந்தப் படகு எத்தனை மணிக்குப் போனது என்று எங்களிடம் பதிவாகிவிடும்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு புயல் நேரத்தில், ஊரே ஒரே சமயத்தில் பலகையைத் திறந்ததில் பக்கம் விழுந்துவிட்டது. வெறும் வெள்ளைத் திரை. அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவே இல்லை. வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. இனி விழக்கூடாது, என்ன செய்வாயோ தெரியாது என்று மேலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

நான் செய்தது இதுதான். ஒரு அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அதைப் படிக்க ஆயிரம் பேர் அந்த ஒரே வாசலில் முண்டியடித்தால் கதவு பெயர்ந்துவிடும். அதனால் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து இரண்டு தெருவில் ஒட்டுகிறோம். அலுவலகத்தில் அறிவிப்பு மாறினால் ஜெராக்ஸும் உடனே மாறும்படி ஏற்பாடு. அலுவலகம்தான் மெயின் சர்வர், ஜெராக்ஸை நாங்கள் ரெப்ளிகா என்போம், நகல். அப்புறம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு ஆளை நிறுத்துகிறோம். அவர் சுவரில் இருப்பதை ஒரு தரம் படித்து மனதில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயாலேயே சொல்லிவிடுவார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் படித்துக்கொள்வார். இதுதான் கேஷ். இவ்வளவுதான் என் உத்தியோகம், இதற்குத்தான் இன்ஜினீயரிங் படித்தது.

அதற்குப் பிறகு பலகை விழவே இல்லை. எத்தனை பேர் வந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் பதில். மெயின் சர்வரே படுத்தாலும் பக்கம் நிற்கும் என்று மீனவர் கூட்டம் ஒன்றில் நானே எழுந்து பீற்றிக்கொண்டேன். கை தட்டினார்கள். மேலாளர் மக்ரூன் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். கட்டத்துக்கு மேலே 'இப்போதைய நிலவரம்' என்று மணி நிமிஷத்தோடு காட்டியதும் என் யோசனைதான். பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டுமே என்று செய்தேன். நம்பிக்கை வந்தது, வினையும் அதிலிருந்தே வந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் காற்று எச்சரிக்கை வந்தது. மாசியில் கடல் பொதுவாகச் சாதுவாக இருக்கும், அந்த மாதத்தில் இப்படி வருவது அபூர்வம். காலை முறையில் இருந்த என் தோழி உடனே பலகையைச் சிவப்பாக மாற்றினாள். தன் திரையில் சிவப்பு வந்ததையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் திரை மெயின் சர்வரிலிருந்து நேராகப் படிப்பது. நகல்கள் இரண்டில் ஒன்று மாறியது. இன்னொன்றுக்கு வருகிற இணைப்பு முந்தின நாள் சாயங்காலமே அறுந்துபோயிருந்தது. அது நேற்றைய பச்சையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைப் படித்துச் சொல்கிற கேஷ், தன் கடமையில் ஒரு குறையும் வைக்காமல், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போய்ப் படித்துவிட்டு வந்து, 'இப்போதைய நிலவரம் காலை 6.10, பச்சை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. படித்தது அப்போதுதான், அதில் பொய்யில்லை. படித்த காகிதம்தான் நேற்றையது.

ஏழே முக்காலுக்கு நான் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் வந்தது. திரேஸ்புரம் பக்கம் உள்ள நாட்டுப்படகுச் சங்கம் ஒன்றின் செயலாளர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா, இங்கன ரெண்டு பேரு மல்லுக்கு நிக்கானுவ. ஒருத்தன் போன்ல செவப்புங்கான், இன்னொருத்தன் பச்சைங்கான். எதும்மா நிசம்?"

பச்சை என்கிறவரை ஒரு தரம் ரிஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள் என்றேன். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் முதல் மாத்திரை அதுதான். "அதெல்லாம் பண்ணிட்டான். ஏழு நாப்பத்தாறுன்னு மணி போட்டுப் பச்சையாத்தான் நிக்கி" என்றார்.

அந்த ஏழு நாற்பத்தாறு நான் எழுதிய வரி.

ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். கேஷை மொத்தமாக அழித்தேன். அடுத்த நொடியே அது போய் அதே பழைய காகிதத்தைப் படித்துவிட்டு வந்து, மறுபடி பச்சை என்றது. நானும் மறுபடி அழித்தேன். இப்படியே கால்மணி நேரம் போனது. சொல்கிற ஆளைத் திருத்திக்கொண்டிருந்தேனே தவிர, அவன் படிக்கிற சுவரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் நகலைப் பார்த்து, அறுந்த இணைப்பைக் கண்டுபிடித்து, அதை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டேன். எட்டு பத்துக்கு எல்லாப் போனிலும் சிவப்பு.

அலுவலகத்திலிருந்து தோழி, "அப்பாடா, சரியாயிட்டு" என்றாள். நானும் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நிமிஷத்தில் பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சிக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அவர்தான், "செவப்பாக்கிட்ட, சரி. பச்சையப் பாத்துட்டுப் போனவன என்ன செய்ய?" என்று கேட்டார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் அதைவிட மோசம். காற்று எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் அதிகாலையே சுற்றியிருக்கிறது. ஆனால் போன வருடத்து எச்சரிக்கைகள் எல்லாம் திரும்பத் திரும்பச் சுற்றுவது அங்கே வழக்கம். அதனால், 'பழைய மெசேஜ் சுத்துது, பலகையைப் பாரு' என்று பலகையைப் பார்த்திருக்கிறார்கள். பலகை, மணி நிமிஷத்தோடு, பச்சை என்றிருக்கிறது. சரியான செய்தியை வாட்ஸ்அப் கொண்டுபோய்ச் சேர்க்க, அதைப் பொய்யாக்கியது நாங்கள்.

ஐந்தேகாலுக்குப் பிறகு 'புறப்பட்டோம்' பொத்தானை அழுத்தியவை பதினொரு படகுகள். மெயின் சர்வரில் சிவப்பு இருக்கும்போதே அதே சர்வர் இந்தப் பதினொன்றையும் வாய் திறக்காமல் வாங்கி வைத்திருக்கிறது. சிவப்பு நாளில் எப்படிப் புறப்பட்டாய் என்று கேட்க நான் அதற்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு படகுக்கும் இரண்டு நம்பர் இருந்தது. ஒன்று படகில் இருக்கும் போன், இன்னொன்று வீடு. தோழி ஐந்து படகு, நான் ஆறு என்று பிரித்துக்கொண்டோம். ஒரு தாளைத் திறந்து படகு, நிலை, குறிப்பு என்று மூன்று கட்டம் போட்டோம்.

முதல் ஆள் கரை தெரிகிற தூரத்தில் இருந்தார், உடனே திரும்புகிறேன் என்றார். இரண்டாவது ஆள், "ஒங்க பலகைய ஒடச்சு அடுப்புல வைங்க" என்றுவிட்டு வைத்தார். திரும்புகிறாரா என்று கேட்க மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் காற்று மாறுவதைக் கண்டு தானாகவே திரும்பிவிட்டிருந்தார். நான்காவது படகின் போன் அடிக்கவே இல்லை. வீட்டு நம்பருக்குப் போட்டேன். எட்டு நாற்பது இருக்கும். ஒரு பெண் எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம்.

நான் யாரென்று சொல்லி, அவர் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"அவிய குளிக்கப் போயிருக்காவ" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஆள் வீட்டில் இருக்கிறார். புறப்படும் முன்பே மறந்துபோகாமல் இருக்க பொத்தானை அழுத்திவிடுகிறவர்கள் உண்டு, இவரும் அந்த ரகம் போல என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் குளிக்கப் போயிருக்கிறார் என்றால் ஆற்றுக்குப் போயிருக்கிறார், அரை மணியில் ஈரத் துண்டோடு வந்துவிடுவார் என்று அர்த்தம். டவுனில் பாத்ரூம். அதற்கு மேல் அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது? "சரிக்கா, வந்ததும் இன்னிக்குக் கடலுக்குப் போக வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க" என்றேன்.

அவர், "வந்த பொறவு எதுக்கும்மா போகப் போறாவ?" என்றார்.

நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பாவம், காலையில் எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று, காற்று எச்சரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாகரிகம்! நன்றி சொல்லி வைத்துவிட்டு, நிலை என்ற கட்டத்தில் 'வீட்டில் உள்ளார்' என்று எழுதினேன். எதையும் விரிவாக எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. குறிப்பு என்ற கட்டத்தில் 'குளிக்கப் போயிருக்கிறார், மனைவி சொன்னது' என்றும் எழுதினேன். அடுத்த நம்பருக்குப் போய்விட்டேன்.

ஒன்பதேகாலுக்குப் பதினொன்றுக்கும் எதிரே ஏதோ ஒன்று எழுதியாகிவிட்டது. பத்துப் படகு திரும்பியது அல்லது திரும்பிக்கொண்டிருக்கிறது, ஒன்று வீட்டில். தாளை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் கரையில் நின்று ஒவ்வொரு படகாக எண்ணிக்கொண்டிருந்ததால் உடனே பார்க்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குத்தான் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாலாவதுல வீட்டுல இருக்கான்னு போட்டுருக்கியே. குளிக்கப் போயிருக்கான்னும் போட்டுருக்க."

"ஆமா அண்ணாச்சி, அவங்க வீட்டுலதான் சொன்னாங்க."

"அவன் சங்கு குளிக்கவன்லாம்மா!"

எனக்குப் புரிய இரண்டு வினாடி ஆனது. முத்துக்குளித்தல் என்று பள்ளிக்கூடத்தில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து கல்லெறிகிற தூரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே 'குளிக்கப் போயிருக்காவ' என்று சாதாரணமாகச் சொன்னால், கடலுக்கு அடியில் பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் இருக்கிறார் என்று பொருள்படும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அவருக்கு அது தினசரி வார்த்தை. எனக்கும் அது தினசரி வார்த்தைதான், அதனால்தான் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

அண்ணாச்சி என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல் வைத்துவிட்டார். அவர் வயர்லெஸ்ஸிலும் போனிலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. பத்து நிமிஷத்தில் எனக்கு வேறொரு போன். குக்கர் சத்தத்துக்கு நடுவே பேசிய அந்தப் பெண்ணின் நம்பர்.

"நீங்கதான காலைல பேசுனது? காத்து வருதுன்னு ஒங்களுக்கு அப்பமே தெரியுமா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை, சொல்லவும் முடிந்திருக்காது.

"பொறவு ஏன் என்கிட்ட சொல்லல? எங்க கொழுந்தன் வள்ளம் அப்பம் கரையிலதான கெடந்துச்சு. சொல்லிருந்தா அப்பமே போயிருப்பாம்லா."

அவர் கத்தவில்லை. எட்டு நாற்பதுக்குக் கடல் இன்னும் போகிற மாதிரிதான் இருந்திருக்கிறது. ஒன்பதரைக்குப் பிறகு கரையிலிருந்து யாரும் வள்ளத்தை இறக்க முடியாத நிலை. ஒரு மணி நேரத்தை நான் ஒரு தாளில் 'வீட்டில் உள்ளார்' என்று எழுதி மூடிவைத்திருந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது, வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பாலத்தில் ஏறும்போது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கரையில் கிழக்கிலிருந்து அடிக்கிற கொண்டல் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கடல் சாம்பல் நிறத்தில் வெளுத்து வெளுத்து உடைந்துகொண்டிருந்தது. கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கிட்டே போய், நான்தான் காலையில் பேசியது என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "நான் சொன்னத நீங்க என்னன்னு நெனச்சிய?" என்று கேட்டார்.

"வீட்டுல பாத்ரூம்ல குளிக்காங்கன்னு நெனச்சேன்க்கா."

"வெள்ளெனப் போன மனுசன் எட்டே முக்கா வரைக்கும் பாத்ரூம்லயா இருப்பாவ?" என்றார். என்றவர் திடீரென்று சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். அவர் அந்த நேரத்தில் என்னிடம் பேசியது ஒரே தரம், மணி என்ன என்று கேட்டதுதான். கையில் போன் இருந்தும் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைப்போல நீளமான காலைப் பொழுது வேறு கிடையாது. ஒரு ஆள் செத்துப்போனால் அதற்கு நான் காரணம் என்பதை மனது ஒரு கணக்குப் போல அமைதியாகப் போட்டுக்கொண்டே இருந்தது. பதற்றம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டரை வாக்கில் மூன்று படகு சேர்ந்தாற்போல் வந்தன, சங்குப் படகும் அதில் ஒன்று.

நடந்தது இதுதான். சங்குப் படகு தூத்துக்குடிக்கு எதிரே கடலில் இருக்கிற வான்தீவுக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது. காற்று எழும்பியதும் மேலே இருந்த இரண்டு பேர் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்து, கீழே இருந்தவர்களை ஏற்றியிருக்கிறார்கள். மூன்று பேர் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார். அதற்குள் நங்கூரக் கயிறு அறுந்து படகு அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் மேலே வந்து பார்த்தால் படகைக் காணோம், அலைதான். இடம் அடையாளத்துக்கு மிதக்கவிட்டிருந்த ஒரு வெள்ளைக் கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொங்கியிருக்கிறார். கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளம் அண்ணாச்சியின் போன் கிடைத்ததும், தன் உயிரைப் பெரிதாக நினைக்காமல் திரும்பிப் போய்த் தேடி அவரைத் தூக்கியிருக்கிறது. காலையில் பலகையை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னாரே, அவருடைய வள்ளம்தான். தூக்கும்போது அலையில் அடிபட்டு, கேன்காரருக்கு இடது தோள்பட்டை இறங்கிவிட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மேலாளர் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்தத் தோளோடு அந்த வருடம் முழுக்க அவரால் கடலில் இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையும் தலைப்பாகையும் இன்னொருவருடையதாக இருக்கும்போது பழமொழி சொல்வது சுலபம்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்வது தனி. நடந்தது என்ன என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொடுத்தார். 'குளிச்சிட்டு வந்தியளா?' என்று என்னைக் கேலியும் செய்தார். நான் ஜெராக்ஸ், சுவர், படித்துச் சொல்கிற ஆள் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தொழில் தெரிந்தவர்களிடம் சொல்வதைவிட நன்றாகவே விளக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அந்த ரெண்டாவது நகலுக்கு, தனக்குப் புதுசு ஒண்ணும் வந்து சேரலைங்கது தெரியுமா, தெரியாதா?"

இதை எங்கள் கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. "தெரியும். இணைப்பு அறுந்த நேரம்கூட அதுல பதிவாகியிருக்கு" என்றேன்.

"பொறவு ஏன் அத வெளிய சொல்லல?"

"நாங்க சொல்லச் சொல்லல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். பக்கம் விழக்கூடாது, எந்த நிலையிலும் ஏதாவது ஒரு பதில் காட்டியாக வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. வெள்ளைத் திரை வந்தால் முந்தின வருடம் மாதிரி எல்லோரும் ஏசுவார்கள் என்று பயம்.

அவர் மனைவி காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "பலகை அன்னிக்கு விழுந்து கெடந்துருந்தா இவிய போயிருக்கவே மாட்டாவளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போனார்.

முந்தின வருடம் பலகை விழுந்துகிடந்த அந்த நாளில் ஒரு படகுகூட கடலுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏசினார்கள், வாஸ்தவம். கரையில் நின்றுகொண்டு ஏசினார்கள். அவர்களுக்கு வந்த கோபத்தை நான் பெரிய தோல்வியாக எடுத்துக்கொண்டு, அது திரும்ப வராமல் இருக்க ராப்பகலாக உழைத்து, நேற்றைய பச்சையை இன்றைய மணியோடு காட்டுகிற ஒரு ஏற்பாட்டைக் கட்டி முடித்திருந்தேன்.

இப்போது பலகையில் மூன்றாவதாக ஒரு நிறம் உண்டு. சாம்பல். நகலுக்குப் புதிய செய்தி வந்து சேர்ந்து குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், அது பச்சையும் காட்டாது, சிவப்பும் காட்டாது. 'தெரியவில்லை. விசாரித்துவிட்டுப் போகவும்' என்று மட்டும் காட்டும். மேலே காட்டுகிற மணியும் இப்போது செய்தி வந்த மணி, பக்கம் படித்த மணி அல்ல. இதற்கு மேலாளரைச் சம்மதிக்கவைக்க இரண்டு மாதம் ஆனது. தெரியவில்லை என்று சொல்லவா ஒரு கம்பெனி நடத்துகிறோம் என்று கேட்டார். ஆமாம் சார், அதற்கும்தான் என்றேன்.

வருடத்துக்கு நாலைந்து காலை சாம்பல் வரும். பெரும்பாலும் ஒன்றுமில்லாத இணைப்புக் கோளாறாக இருக்கும், கடலும் அமைதியாகவே இருக்கும். அன்றைக்கெல்லாம் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பலகையைக் கட்டியவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணாச்சி காது கேட்கவே சிலர் சொல்வார்களாம், அவரும் எனக்கு ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் அத்தனை பேரும் கரையில் நின்று என்னை ஏசிக்கொண்டிருக்கிற அந்தக் காலைகளில்தான், என் வேலையை நான் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று எனக்கு நம்பிக்கை வருகிறது.